வகுப்பு நடந்தது எத்தனை நாள்?

என்னிடம் 40 பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. இடது ஓரம் தேதி, நடுவில் பாடம், வலது ஓரம் ‘வந்தான்’ அல்லது ‘வரல’. 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை, சனி ஞாயிறு இரண்டு நாளும் காலை ஏழு மணிக்கு, ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரின் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஆபீசில், சொந்தக்காரர் கல்யாணத்தில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ‘ஆறு மாசமா ஒரு மலைக்கிராமத்துப் பையனுக்கு கிளாஸ் எடுக்கறேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஜனவரியில் ஒருநாள் நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். 52 வகுப்புகள் நடந்திருக்க வேண்டும். ‘வந்தான்’ என்று இருந்தவை 17. அந்த 17இலும் பாதியில் அறுந்துபோனவை ஆறு. நிமிடக் கணக்காகக் கூட்டினால் ஒன்பது மணி நேரத்தைத் தொடவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒன்பது மணி நேரம். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது இதைத்தான்.

வெட்கமாக இருந்தது. அதைவிட, இது என் சோம்பேறித்தனமா, பையனுடைய ஆர்வக்குறைவா, இல்லை இந்த ஏற்பாடே இப்படித்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. இலவச ஆன்லைன் ட்யூஷன் உண்மையிலேயே பலன் தருகிறதா என்று யாராவது ஒழுங்காக அளந்து பார்த்திருக்கிறார்களா என்று தேடத் தொடங்கினேன். நிறையப் பேர் அளந்திருக்கிறார்கள். அவற்றில் இரண்டு முயற்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது என் நோட்டு எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. ஒன்று இத்தாலியில் நடந்தது, இன்னொன்று அமெரிக்காவின் சிகாகோ ஹைட்ஸில்.

இத்தாலி, 2020

கொரோனாவுக்காக நாடு முழுக்கப் பள்ளிகளை மூடிய முதல் மேற்கத்திய நாடு இத்தாலிதான். 2020 மார்ச் 5ஆம் தேதி எல்லாப் பள்ளிகளும் மூடப்பட்டன, அந்தக் கல்வியாண்டு முடியும்வரை பெரும்பாலான பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பவே இல்லை. பணக்கார நாடுதானே, எல்லார் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருக்கும் என்று நாம் நினைப்போம். அந்த நாட்டுப் புள்ளியியல் அமைப்பின் கணக்குப்படி, 2018-19இல் 6 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 12.3 சதவீதம் பேர் வீட்டில் கம்ப்யூட்டரோ டேப்லெட்டோ கிடையாது. தலைக்கணக்கில் சுமார் எட்டரை லட்சம் பிள்ளைகள். தென் இத்தாலியில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். வெளிநாட்டிலிருந்து குடியேறிய குடும்பங்களுக்கு மொழிச் சிக்கல் வேறு. பள்ளியிலிருந்து வரும் வீட்டுப்பாடத்தை அம்மாவாலும் அப்பாவாலும் வாசிக்க முடியாது.

மிகேலா கர்லானா, எலியானா லா ஃபெர்ராரா என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் அந்த நேரத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். ‘ட்யூட்டரிங் ஆன்லைன் புரோகிராம்’, சுருக்கமாக ‘டாப்’ என்பார்கள். மிலான் நகரின் மூன்று பல்கலைக்கழகங்களில் படிக்கும் மாணவர்களிடம் கேட்டார்கள்: வாரம் மூன்று மணி நேரம், முடிந்தால் ஆறு மணி நேரம், ஒரே ஒரு நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு ஆன்லைனில் இலவசமாகச் சொல்லிக் கொடுப்பீர்களா? கணிதம், இத்தாலிய மொழி, ஆங்கிலம், இந்த மூன்று பாடம்தான். பிள்ளைகளுக்கு 11 முதல் 14 வயது.

யாருக்கு உதவி தேவை என்பதைத் தன்னார்வலர்கள் தீர்மானிக்கவில்லை. நாடு முழுக்க 76 பள்ளிகளின் தலைமையாசிரியர்கள்தான் தங்கள் பள்ளியில் யார் திணறுகிறார்கள் என்று பட்டியல் கொடுத்தார்கள். இதை நான் இரண்டு முறை படித்தேன். என்னையும் அந்தப் பையனையும் சேர்த்துவைத்த தன்னார்வக் குழுவில் ‘விருப்பமுள்ள மாணவர்கள் இந்தப் படிவத்தை நிரப்பவும்’ என்று ஒரு கூகுள் படிவத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருந்தார்கள். கூகுள் படிவத்தை நிரப்பத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு நம் உதவி எவ்வளவு தேவைப்படும் என்று யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். நான் சொல்லிக் கொடுத்த பையன்கூட அவனுடைய மாமா நிரப்பிக் கொடுத்ததால் வந்தவன்.

இத்தாலியில் அந்தப் பட்டியலிலிருந்து விண்ணப்பித்த பிள்ளைகள் 1,059 பேர். தன்னார்வலர்களோ அதில் பாதிக்குத்தான் போதுமானவர்கள். அதனால் குலுக்கல் போட்டார்கள். 530 பேருக்கு ஆள் கிடைத்தது, மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காத பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் கொஞ்சம் கொடுமைதான். ஆனால் இருக்கும் ஆட்கள் அவ்வளவுதான் என்கிறபோது குலுக்கலைவிட நியாயமான வழி எனக்குத் தெரியவில்லை, ‘முதலில் வருபவருக்கு முன்னுரிமை’ என்றால் நல்ல நெட்வொர்க் இருப்பவன் தட்டிக்கொண்டு போவான். இரண்டு கூட்டமும் ஒரே மாதிரிப் பிள்ளைகள் என்பதால், பின்னால் வரும் வித்தியாசத்துக்கு ட்யூஷன்தான் காரணம் என்று துணிந்து சொல்லவும் முடிந்தது.

வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூன்வரை ஓடின. கடைசியில் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே தேர்வு வைத்துப் பார்த்தபோது, ட்யூஷன் கிடைத்த பிள்ளைகள் 0.26 திட்ட விலக்கம் மேலே இருந்தார்கள். பள்ளியில் படித்து மறந்துபோன திட்ட விலக்கம்தான். இப்படி வைத்துக்கொள்ளலாம்: 100 பிள்ளைகளை மதிப்பெண்படி கடைசியிலிருந்து வரிசையாக நிறுத்தினால் 50ஆவது இடத்தில் நிற்கும் பிள்ளை 60ஆவது இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. சில வாரங்களில், சம்பளம் வாங்காத கல்லூரி மாணவர்களை வைத்து இது நடந்திருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் கூடுதல். மனநிலையும் எதிர்காலம் குறித்த ஆசையும் மேம்பட்டிருந்தன. குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளிடம் மனநிலை மாற்றம் அதிகமாகத் தெரிந்தது. வாரத்தில் ஒருவர், வெளியாள், தன்னிடம் மட்டும் பேசுவதற்காக அழைக்கிறார் என்பது அடைந்து கிடந்த அந்த மாதங்களில் அந்தப் பிள்ளைகளுக்கு என்னவாக இருந்திருக்கும்!

இந்த எண்ணைத்தான் எல்லாரும் எடுத்துப் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, பிள்ளைக்கும் தன்னார்வலருக்கும் நடுவில் இருந்த அடுக்கு. கற்பித்தலில் பழக்கமுள்ள கல்வியியலாளர்களைத் திட்டத்துக்குள் வைத்திருந்தார்கள். தொடங்கும்போது பயிற்சி கொடுத்ததோடு அவர்கள் வேலை முடியவில்லை. தன்னார்வலர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து மேற்பார்வை பார்த்தார்கள், யாராவது சிக்கிக்கொண்டால் தனியாக ஆலோசனை சொன்னார்கள். ‘இவன் கேமராவைத் திறக்கவே மாட்டேங்கிறான், என்ன செய்வது’ என்று கேட்க ஓர் ஆள். அது எனக்கு இருந்ததில்லை. எனக்கு இருந்தது 60 பேர் கொண்ட வாட்ஸ்அப் குரூப். ஜூலையில் அதில் பாடத்திட்டம் பற்றிப் பேசினார்கள். நவம்பரில் காலை வணக்கப் பூக்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

சிகாகோ ஹைட்ஸ், 2021

இப்போது இரண்டாவது முயற்சி. 2020 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் சிலர் கோவ்எட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நல்ல பெயருள்ள பல்கலைக்கழகங்களிலிருந்து தன்னார்வலர்கள் வந்தார்கள், ஆட்களுக்குக் குறைவில்லை. மேத்யூ கிராஃப்ட், ஜான் லிஸ்ட், ஜெஃப்ரி லிவிங்ஸ்டன், சாலி சடோஃப் என்ற நான்கு ஆய்வாளர்கள் இந்த அமைப்போடு சேர்ந்து, இல்லினாய் மாநிலத்தின் சிகாகோ ஹைட்ஸில் வருமானம் குறைந்த குடும்பங்களின் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதே மாதிரி ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு கல்லூரி மாணவர், ஆன்லைனில், இலவசமாக. காகிதத்தில் பார்த்தால் இத்தாலியில் செய்ததும் இதுவும் ஒன்றுதான்.

விளைவு: கணிதத்தில் 0.07 திட்ட விலக்கம், வாசிப்பில் 0.04. கணிதத்தில் நூறு பேர் வரிசையில் 50ஆவது இடத்திலிருந்து 53க்கு வருவதுபோல. அதுவும் தற்செயலாக வந்திருக்கலாம் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு உறுதியான எண் இல்லை, புள்ளியியல்படி ‘பலன் உண்டு’ என்று அடித்துச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஏன்? அந்தப் பிள்ளைகளுக்குச் சராசரியாகக் கிடைத்த வகுப்பு நேரம் மொத்தமே மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வாரத்துக்கு மூன்று மணி நேரம் இல்லை. திட்டம் ஓடிய காலம் முழுவதற்கும் சேர்த்து மூன்று மணி நேரம். இத்தாலியில் வாரத்துக்கு மூன்று என்று குறைந்தபட்சமாக வைத்தாலே ஐந்து வாரத்தில் 15 ஆகிவிடும். மணி நேரம் கூடக்கூடப் பலன் கூடும் என்ற கருத்தோடு தங்கள் தரவு ஒத்துப்போகிறது என்பதுதான் சிகாகோ ஆய்வாளர்களின் முடிவு.

இரண்டையும் அப்படியே ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதும் தெரியும். இத்தாலியில் குலுக்கலில் பெயர் வராத பிள்ளைக்கு அந்த மாதங்களில் பள்ளி என்பது திரையில் ஓடும் ஒன்று மட்டும்தான், அதனால் அங்கே கொஞ்சம் கொடுத்தாலும் பெரிதாகத் தெரியும். தேர்வுகளும் வேறு வேறு. இத்தாலியில் பெற்றோர் விரும்பி விண்ணப்பித்த பிள்ளைகள் மட்டும்தான் இரண்டு கூட்டத்திலும் இருந்தார்கள், விண்ணப்பிக்கவே செய்யாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஆய்வு சொல்லாது. இத்தனையும் கழித்த பிறகும், 15க்கும் மூன்றுக்கும் உள்ள தூரத்தை மறைக்க முடியவில்லை.

சிகாகோ முடிவைத் தோல்வி என்று தலைப்புப் போட்டுவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. மூன்று மணி நேரம்தான் நடந்தது என்று எண்ணி, அதை வெளியே சொன்னார்களே, அதுவே பெரிது. இலவச ட்யூஷன் நடத்தும் குழுக்களின் அறிவிப்புகளில் எத்தனை ஆயிரம் தன்னார்வலர்கள், எத்தனை மாவட்டங்கள் என்று இருக்கும். ஒரு பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதியிருப்பதை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. நானே ‘ஆறு மாசமா’ என்றுதானே சொன்னேன்.

என் 17 வகுப்புகள்

நோட்டில் ‘வரல’ என்று இருந்த 35 நாட்களுக்கும் காரணம் எழுதி வைக்கவில்லை, நினைவிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் பொறுக்கினேன். போன் அவன் அப்பாவுடையது. அப்பா வெளியூர் வேலைக்குப் போனால் போனும் போய்விடும், இரண்டு வாரம், மூன்று வாரம். சிக்னல் வீட்டில் கிடையாது, பாறைமேல் ஏறினால்தான், மழை பெய்தால் ஏற முடியாது. செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்த பிறகு அவன் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போய்விட்டான், சில வாரம் வீட்டுக்கு வருவான், சில வாரம் வரமாட்டான், வருவது எனக்கு முன்கூட்டியே தெரியாது. ரீசார்ஜ் முடிந்த நாட்கள் உண்டு. சாமை அறுப்பு உண்டு. நான் வராத நாளும் உண்டு, நான்கு, அதையும் ‘வரல’ என்றே எழுதியிருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்!

ஆர்வம் இல்லாமல் வராத நாள் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

வந்த நாட்களில் நடந்ததையும் சொல்ல வேண்டும். முதல் மூன்று வகுப்புகளில் நான் பேசிக்கொண்டே இருந்தேன், அவன் ‘புரியுதுண்ணா’ என்றுகொண்டே இருந்தான். நான்காவது வகுப்பில் மைனஸ் மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் என்ன என்று கேட்டேன்.

“ப்ளஸ் எட்டுண்ணா.”

“எப்படிப்பா?”

“மைனஸும் மைனஸும் சேர்ந்தா ப்ளஸ்ஸுண்ணா.”

பெருக்கலுக்கு உள்ள விதியை எடுத்துக் கூட்டல் கழித்தலில் மாட்டிவைத்திருக்கிறான். தமிழ்நாட்டில் கணக்குச் சொல்லிக் கொடுத்த எவரும் இதைப் பார்த்திருப்பார்கள். நேரில் என்றால் அவன் நோட்டை எட்டிப் பார்த்து முதல் நாளே பிடித்திருப்பேன். போனிலோ அவன் எழுதுவது எனக்குத் தெரியாது. நோட்டைக் கேமராவில் காட்டு என்றேன், கேமராக் கண்ணாடி விரிசல் விட்டிருந்ததால் எல்லாம் பனிமூட்டமாகத் தெரிந்தது. போட்டோ எடுத்து அனுப்பு என்றேன், ஒரு போட்டோ வந்து சேர ஆறு நிமிடம் ஆனது. அந்த ஆறு நிமிடமும் இருவரும் பேசாமல் காத்திருந்தோம், பின்னால் ஒரு சேவல் கத்திக்கொண்டே இருந்தது.

“சரி, கணக்கை விடு. கடையில மூணு ரூபா கடன் வெச்சிருக்க. மறுபடியும் அஞ்சு ரூபாய்க்குக் கடனா வாங்கற. இப்ப உன் கணக்கு என்ன?”

“எட்டு ரூபா கடன்.”

“கடன்னா ப்ளஸ்ஸா, மைனஸா?”

ரொம்ப நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

“இருக்கேண்ணா. அப்ப அவங்க சொல்லிக் கொடுத்தது தப்பாண்ணா?”

தப்பில்லை, அது வேறு இடத்துக்கான விதி என்று புரியவைக்க அந்த வகுப்பும் அடுத்த வகுப்பும் போயின. அந்த அடுத்த வகுப்பு நடந்தது மூன்று வாரம் கழித்து. அதற்குள் அவன் பாதி மறந்திருந்தான். என் ஒன்பது மணி நேரத்தில் உருப்படியாக ஏதாவது நடந்தது என்றால் அந்தக் கடன் கணக்குதான், அதைக்கூடத் தொடர்ச்சி இல்லாததால் இரண்டு முறை நடத்த வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் ‘புரியுதா’ என்று கேட்பதை நிறுத்தினேன். ‘இப்ப நீ எனக்குச் சொல்லிக் கொடு’ என்பேன். பத்து வினாடியில் குட்டு வெளிப்பட்டுவிடும், அவனுடையதும் என்னுடையதும்.

போன் மணி அடித்தால் போதுமா?

இணையமே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கும் முன்மாதிரிகள் இருக்கின்றன. வங்கதேசத்தின் குல்னா, சாத்கீரா பகுதிக் கிராமங்களில் பல்கலைக்கழக மாணவர்கள் தன்னார்வலர்களாகச் சாதாரண போனில் அழைத்தார்கள். வீடியோ இல்லை, ஆப் இல்லை. வாரம் ஒருமுறை அழைத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் சொன்னதோடு, அம்மாவிடமும் பேசி இந்த வாரம் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார்கள். பிள்ளைகளின் கற்றல் நன்றாகவே உயர்ந்தது, அம்மாக்கள் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்கவைக்கும் நேரமும் கூடியது. போட்ஸ்வானாவில் நடந்த இன்னொரு பெரிய சோதனையில் சில வீடுகளுக்கு வாரம் ஒருமுறை கணக்குக் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினார்கள், சில வீடுகளுக்குக் குறுஞ்செய்தியோடு 15, 20 நிமிட அழைப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். அழைப்பும் சேர்ந்த வீடுகளில் 0.12 திட்ட விலக்கம் முன்னேற்றம், குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அங்கே அழைத்தவர்கள் நம்மைப் போல ஓய்வு நேரத் தன்னார்வலர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், அதையே வேலையாகச் செய்தவர்கள்.

வங்கதேசத்து அம்மாவைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆறு மாதத்தில் நான் அந்தப் பையனின் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

நம் பக்கம் இதை முன்பே புரிந்துகொண்டவர்கள் உண்டு. பெங்களூரை மையமாகக் கொண்ட இவித்யாலோகா 2011இலிருந்து கிராமத்துப் பள்ளிகளுக்குத் தன்னார்வலர்களை வைத்து நேரலை வகுப்பு நடத்துகிறது. அவர்கள் ஏற்பாட்டில் திரைக்கு அந்தப் பக்கம், பிள்ளைகளோடு, உள்ளூர் ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கம்ப்யூட்டரை ஓடவிடுவது, பிள்ளைகளைக் கூட்டி வருவது, வகுப்பைக் கட்டுக்குள் வைத்திருப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆசிரியர் எந்த நாட்டில் இருந்தாலும் சரி, அந்த ஒருவர் ஊரில் இருந்தாக வேண்டும்.

இன்னும் ஒரு படி போனால், திரையே வேண்டாம் என்ற முடிவுக்கும் வரலாம். தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது அதே தெருவில் இருக்கும் தன்னார்வலர்களை, பெரும்பாலும் பெண்களை, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், மாலை நேரத்தில் பிள்ளைகளோடு உட்காரவைத்தது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்த ஆய்வில், பள்ளி மூடியதால் பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்துவிட்டது என்றும், அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் என்றும் கணக்கிட்டார்கள். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆன்லைன் ட்யூஷன் என்று யாராவது என்னிடம் வந்தால் இப்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்: தெருவில் ஓர் அக்கா கிடைத்தால் அதற்குப் பணம் கொடுங்கள், ஜூம் வேண்டாம். ஒன்பது, பத்து, பிளஸ் ஒன் கணக்கு, இயற்பியல் என்றால் தெருவில் ஆள் கிடைப்பது கஷ்டம், அங்கேதான் தூரத்திலிருந்து வரும் நம் குரலுக்கு வேலை இருக்கிறது.

மறுபடியும்

2022 ஜூலையில் நான்கு நண்பர்கள் சேர்ந்து மறுபடி தொடங்கினோம். இந்த முறை ஆறு பிள்ளைகள், எல்லாரும் ஒரே ஊர். பட்டியலைப் பள்ளியில் கேட்டு வாங்கினோம். தன்னார்வலர் வேண்டும் என்று எங்கும் போடவில்லை. முதலில் தேடியது அந்த ஊரில் ஓர் ஆளை. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா கிடைத்தார். மாதம் 1,500 ரூபாயை நான்கு பேரும் பங்கு போட்டுக் கொடுக்கிறோம், அவர் வேண்டாம் என்றார், நாங்கள்தான் விடவில்லை, ஏனென்றால் சும்மா செய்பவரிடம் ‘ஏன் இன்னிக்கு ஆரம்பிக்கல’ என்று கேட்க முடியாது. பழைய டேப்லெட் இரண்டு வாங்கி அவர் வீட்டில் வைத்தோம். அவர் வீட்டுத் திண்ணையில் சிக்னல் இருக்கிறது, அதையும் முதலிலேயே போய்ப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தோம்.

அம்மாவுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தெரியாது. அது தேவைப்படவும் இல்லை. ஏழு மணிக்கு ஒருவன் வரவில்லை என்றால் ஏழு ஐந்துக்கு அவன் வீட்டு வாசலில் நிற்பார். “தம்பி, இன்னிக்கு அவன் வரமாட்டான், அவங்க அக்காவுக்கு நிச்சயம். நாளைக்குச் சாயங்காலம் வெச்சுக்கங்க, நானே கூட்டியாறேன்” என்று முந்தின நாளே போன் வந்துவிடும். நாங்கள் வராத நாளையும் அவர்தான் எழுதுகிறார், பதிவேடு இப்போது எங்களிடம் இல்லை, அவரிடம். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவார். முதல் ஆண்டு முடிவில் பார்த்தால் நடந்திருக்க வேண்டிய வகுப்புகளில் ஐந்தில் நான்கு நடந்திருந்தன. ஆறு பேரில் இரண்டு பேர் நடுவில் போய்விட்டார்கள், ஒரு பெண்ணை அவள் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஒருவன் வேலைக்குப் போனான். அதை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அம்மாவும் இரண்டு தடவை போய்ப் பேசிப் பார்த்தார். நண்பர்களில் ஒருவன் வெளிநாடு போய்விட்டான், அவன் இடத்துக்கு இன்னொருவரைப் பிடிப்பதற்குள் ஒன்றரை மாதம் ஓடிவிட்டது, அவன் பிள்ளைகள் இரண்டு பேரை நான்தான் சேர்த்துப் பார்த்துக்கொண்டேன், சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

மதிப்பெண் கூடியதா என்று கேட்பார்கள். நான்கு பேரை வைத்து அதைச் சொல்ல முடியாது, குலுக்கல் போட்ட 1,059 பேர் எங்களிடம் இல்லை. மணி நேரத்தைச் சொல்ல முடியும், ஒரு பிள்ளைக்கு அந்த ஆண்டு 60 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதை மட்டும்தான் இப்போதெல்லாம் வெளியே சொல்கிறேன்.

போன மாதப் பதிவேட்டுப் பக்கம் நேற்று வந்தது. வழக்கம்போல ஊதா மையில், சாய்ந்த எழுத்தில், தேதி, பெயர், நேரம். 14ஆம் தேதிக்கு எதிரே மட்டும் கட்டத்துக்குள் அடங்காமல் அடுத்த வரிவரை எழுதியிருந்தார்: “மழை. நெட்டு இல்லை. பிள்ளைங்க நாலும் வந்தாச்சு. பெரியவனை விட்டு மத்தவங்களுக்கு கணக்கு சொல்லித்தரச் சொன்னேன். 7 முதல் 8.10 வரை.”